மாப்பிள்ளை கழற்றிய கடிகாரம்

எங்கள் குடும்பங்களில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். அப்படி நான் காரைக்காலுக்கு வந்து முப்பத்தோரு வருஷம். பாதி துபாயில் போயிற்று. மீதியில் ஓர் ஆணி அடிக்கக்கூட இந்த வீட்டில் என்னை விட்டதில்லை. மீனில் நடுத்துண்டு எனக்கு, நல்ல நாற்காலி எனக்கு. ஃபேன் நின்றால் மட்டும் என் மனைவி பத்ருன்னிசா மஸ்கட்டில் இருக்கும் தன் தம்பி அஃப்ரித்துக்குப் போன் போடுவாள்.

"நீங்க சும்மா உக்காருங்க மச்சான். தம்பி லீவுல வந்து பார்ப்பான்."

அட, நான் என்ன பொம்மையா?

கூடத்தில் அவள் வாப்பா வாங்கி மாட்டிய பிரான்ஸ் கடிகாரம், சாவி கொடுத்தால் ஓடி மணி அடிப்பது, இரண்டு மாதமாக நின்றிருந்தது. அதுவும் தம்பிக்குக் காத்திருந்தது. போன வெள்ளிக்கிழமை அவள் நாகூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். ஞாயிறு மாலைதான் வருவாள். நானும் இந்த வீட்டு ஆள்தான் என்று காட்ட இதுதான் சமயம் என்று யூடியூபைப் பார்த்துக்கொண்டே திருப்புளியை எடுத்தேன்.

வீடியோவில் வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே கழற்றினான். நானும் சிரித்துக்கொண்டேதான் கழற்றினேன். முதலில் சுருள்வில்லைத் தளர்த்தவேண்டும் என்று அவன் சொன்னது, நான் பார்க்காமல் தள்ளிவிட்ட இடத்தில் இருந்திருக்கிறது. படார்! வில் பாய்ந்து சுவரில் அடித்தது. இரண்டு சக்கரங்களில் பல் போயிற்று. யா அல்லாஹ்! "அப்பவே உக்காருங்கன்னு சொன்னேனே" என்பாளே, அதை மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை கேட்கவேண்டும்!

சனிக்கிழமை காலை, கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் அஜ்மீர் வந்து, பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மையித்து கிடக்கும் வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினான்.

"பேட்டரி மிஷின் போட்டுடலாமா பாய்?"

"போட்டா மணி யாரு அடிப்பா, நானா?"

"அப்ப இதே மிஷின்தான் வேணும். மூஞ்சியில ரெண்டு சாவித் துளை இருக்கு பாருங்க, அதுக்கு நேரா வந்து நிக்கணும். வரிச்சிக்குடியில அன்னபூரணி அக்கா வீட்டுல இதே கம்பெனி கடியாரம் ஒண்ணு கெடக்கு. கேட்டுப் பாருங்க."

வெயிலில் ஸ்கூட்டரை விரட்டினேன். அன்னபூரணி நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கடிகாரப் பெட்டிக்குள் கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, ஒரு சீப்பு.

"பெட்டியத் தர மாட்டேங்க. அப்புறம் இதெல்லாம் எங்க வைக்கிறது?"

"பெட்டி வேணாங்க, உள்ள இருக்குற மிஷின் போதும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தச் சனியனா? மணி அடிச்சே உசிர வாங்குதுன்னு சாவி குடுக்குறதையே விட்டுட்டேன். எடுத்துக்குங்க. காசெல்லாம் வேணாம். துபாய்லேருந்து கொண்டாந்த கோடாலித் தைலம் ரெண்டு குடுங்க."

நான் துபாயை விட்டு வந்து ஒன்பது வருஷம். பாய் வீட்டு பீரோவில் தைலம் ஊறும் என்று நம்புகிறவரிடம் என்ன சொல்ல? காரைக்கால் கடையில் இரண்டு புட்டி வாங்கி, விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிவிட்டு, திரும்பப் போய்க் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "அங்கேருந்து வர்றதே தனிதாங்க" என்றார். நல்லவேளை, சாவி கொடுக்காத வில் தளர்ந்தே இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிஷினைக் கழற்றினேன்.

ஞாயிறு காலை அஜ்மீர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நானே பொருத்தினேன். துளைகள் அச்சாகப் பொருந்தின. மாலையில் பத்ருன்னிசா வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மணி ஆறு அடித்தது.

அவள் அப்படியே நின்றாள். "எங்க வாப்பா கடியாரம் இவ்வளவு வேகமா அடிக்காதே."

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வில், பல், வரிச்சிக்குடி, தைலம் என்று உண்மை மொத்தமும் கொட்டிவிட்டது.

"ஒடச்சது நீங்களா?"

"நான்தான்."

"தம்பிக்குப் போன் போடல?"

"போடல."

"நீங்களே அலைஞ்சு தேடி, நீங்களே மாட்டுனீங்களா?"

தலையாட்டினேன். இடி இறங்கப்போகிறது என்று நின்றேன். அவளோ முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்! விலைச்சீட்டைச் சுரண்டியதற்குத்தான் அவ்வளவு சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுப்படிக் குழாய் ஒழுகுது மச்சான். என்னன்னு பாருங்க."

இந்த வீட்டில் என்னிடம் ஒருவர் சொன்ன முதல் வேலை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழாயைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.