சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஹார்ட் டிஸ்க்

1

"மனசுல நினைக்கிறதே சாமிக்குக் கேக்கும்னு சொன்னீங்க சார். அப்புறம் ஏன் பாவசங்கீர்த்தனத்துல வாயைத் திறந்து சொல்லணும்? அதுவும் ஏன் மெதுவா சொல்லணும்?"

சென்ற ஆண்டு, அதாவது 1988இல், ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் கேட்டது இது. புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொன்னேன். சரியான பதில்தான். ஆனால் வீடு திரும்பும் பேருந்தில் அது எனக்கே போதவில்லை. இந்தக் கதை அந்தப் பேருந்தில்தான் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"செராங்கூன் சாலையிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் அந்தக் கோவிலின் மணியோசை காற்றில்..." கிழித்துவிட்டேன். மணியோசையில் தொடங்கும் கதைகளை நானே முழுதாகப் படிப்பதில்லை.

"மதலேனா என்ற விதவை, வயது நாற்பத்தேழு, மிகவும் நல்ல..." இங்கேயும் நிறுத்திவிட்டேன். அவர் நல்லவரா என்பது எழுதுகிற எனக்கே இன்னும் தெரியாது.

மூன்றாவது தொடக்கம் ஓர் இயந்திரத்தின் சத்தம். அதைத்தான் வைத்துக்கொண்டேன்.

2

பங்கு அலுவலகம் என்பது பெரிய பெயர். கோவிலின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தைப் பிளைவுட் பலகையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஒரு பாதியில் எழுத்தர் மதலேனாவின் மேசை. மறு பாதியில் ஃபாதர் லாசரஸ் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் நாற்காலி.

பங்கைச் சேர்ந்த ஒருவர் தம் கம்பெனிக்குப் புதியது வாங்கியதும், பழைய கணினியைக் கோவிலுக்குக் கொடுத்தார். பச்சை எழுத்துத் திரை. இருபது மெகாபைட் ஹார்ட் டிஸ்க். ஐம்பது ஆண்டு ஞானஸ்நானப் பதிவேடுகளை அதில் ஏற்றுவது மதலேனாவின் வேலை.

(ஹார்ட் டிஸ்க் என்பது கணினிப் பெட்டிக்குள் சுழன்றுகொண்டே இருக்கும் தட்டு. எழுதியவை எல்லாம் அதில்தான் தங்கும். அது சுழலும் வரை மறதி இல்லை. அது சுழலும் வரை அமைதியும் இல்லை. இந்த வாக்கியம் எனக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டது. பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

கணினியைப் போட்டதும் நீண்ட ஊளை. பிறகு, ஒவ்வொரு பெயரைச் சேமிக்கும்போதும், கச்சாங் பூத்தேக்காரர் தகர டப்பாவில் கடலையைக் குலுக்குவது போல் ஒரு கடகடப்பு. அடிக்கடி நிறுத்திப் போட்டால் டிஸ்க் போய்விடும் என்று கொடுத்தவர் எச்சரித்திருந்ததால், காலையில் போட்டால் மாலை வரை அது ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பாவசங்கீர்த்தனம். ஃபாதர் லாசரஸுக்கு இடது காது சரியாகக் கேட்காது. முழங்காலில் நின்றவர் முணுமுணுப்பார். பலகைக்கு இந்தப் பக்கம் டிஸ்க் கடகடக்கும்.

"சத்தமா சொல்லும்மா! பொய் சொன்னியா, பொறணி சொன்னியா?"

தொலைவில் தூணருகே வரிசையில் நின்றவர்களுக்குப் பாவம் கேட்காது. ஃபாதரின் கேள்வி கேட்கும். அதுவே போதுமானதாக இருந்தது. சில மாதங்களில் எல்லோரும் தங்கள் பாவங்களை உரக்கச் சொல்லப் பழகினார்கள். வரிசை மட்டும் குட்டையாகிக்கொண்டே வந்தது.

3

மதலேனா ஜாலான் புசாரில் ரேடியோ பழுதுபார்க்கும் ஒலி முகம்மதைக் கூட்டிவந்தார்.

"பேரே ஒலி. நீங்க சத்தத்தைக் குறைக்க வந்திருக்கீங்க."

"எங்க வீட்டுக்காரியும் இதையேதான் சொல்றா அக்கா. மொதல்ல வீட்ல குறைச்சுக் காட்டுங்கன்னு."

(இந்தப் பெயருக்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தேக்காவில் இந்தப் பெயரில் எனக்கே இருவரைத் தெரியும்.)

அவர் ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கணினியின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தார். பிறகு மேசையில் வைத்துக் கேட்டார். பிறகு பலகைச் சுவரில்.

"டிஸ்க் போடுற சத்தம் கால்வாசிதான் அக்கா. அது ஆடுது. அதைப் புடிச்சிருக்கிற தகரமும் சேர்ந்து ஆடுது. மேசை தாளம் போடுது. சுவர் பக்கத்து ரூமுக்குப் போய்ச் சொல்லுது."

"மனுசங்க மாதிரியே இருக்கு."

டிஸ்க்கின் முள்ளை ஓரமாக ஒதுக்கி நிறுத்தும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, அவர் மின்சாரத்தைத் துண்டித்தார். நான்கு திருகுகளையும் கழற்றினார். சைக்கிள் டியூபைப் பட்டைகளாக வெட்டி, தகரத்தில் எங்கும் இடிக்காதபடி டிஸ்க்கை அதில் கட்டித் தொங்கவிட்டார்.

"விழுந்துடாதா பாய்?"

"தொட்டில்ல போட்ட புள்ள விழுதா? சுத்தி இடம் விட்டிருக்கேன், அது மூச்சு விடணும். துணி கிணி போட்டு மூடிடாதீங்க, சூட்டுல செத்துப்போயிடும் லா."

எர்த் கம்பியை மறக்காமல் இணைத்தார். பழைய ஜப்பான் சிலிப்பர், அதாவது ரப்பர்ச் செருப்பு ஒன்றை நான்காக வெட்டிக் கணினியின் அடியில் வைத்தார். மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போட்டார். மின்சாரத்தைக் கொடுத்ததும், ஊளை ஒரு பெருமூச்சாகியிருந்தது. கடகடப்பு, யாரோ அடுத்த அறையில் செபமாலை உருட்டுவது போல் இருந்தது.

4

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன்.

அந்தச் சனிக்கிழமை கணினி அமைதியாக இருந்தது. ஆனால் உரக்கப் பேசிப் பழகிய நாக்குகளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மதலேனா 1951ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல்.

"நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு மொட்டைக் கடுதாசி எழுதுனேன் ஃபாதர். மதலேனா அக்காவைப் பத்தி."

பீடத்துக்குப் பூ அலங்கரிக்கும் அந்தோனியம்மாளின் குரல் அது.

தன் பெயர் காதில் விழுந்ததும் மதலேனா எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். தன் பெயர் விழுந்ததாலேயே அவரால் போக முடியவில்லை.

1984இல் வந்த அந்தக் கடிதத்தைப் பங்கில் எல்லோரும் அறிவார்கள். 'கணவர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு டாக்சிக்காரரோடு போகிறார். இவரா நம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வது?' பங்குப் பேரவை அவரிடம் பக்குவமாகத்தான் பேசியது. மதலேனா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டைக் கொடுத்துவிட்டு வகுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

(அந்த வகுப்பு பிறகு என்னிடம் வந்தது. ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை.)

"அந்த டாக்சி எங்க போச்சுன்னு போன மாசம்தான் ஃபாதர் எனக்குத் தெரிஞ்சது. அவங்க கொழுந்தனாரு மனநல ஆஸ்பத்திரியில இருக்காராம். அவங்க வீட்டுக்காரரோட சிநேகிதர் வடிவேலுதான் அந்த டாக்சிக்காரரு, காசு வாங்காம ஏத்திட்டுப் போயிருக்காரு. அக்கா தன் மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்த நேரம். வெளிய தெரிஞ்சா வரன் நின்னுடும்னு அக்கா வாயைத் திறக்கல."

"ஏம்மா எழுதுன?"

"பொறாமை ஃபாதர். புள்ளைங்க எல்லாம் அவங்க பின்னாடியே போச்சுங்க. என் புள்ளையும்."

"அவங்ககிட்டயே போய்ச் சொல்ல முடியுமா?"



"முகத்தைப் பாக்க முடியாது ஃபாதர்."

"சரி. அப்ப அவங்க சுமக்கிறதுல ஒண்ணை நீ வாங்கிச் சுமந்துடு. யாருக்கும் தெரியக் கூடாது. அவங்களுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது நல்ல பேர் வாங்குற வேலையாயிடும்."

5

நீங்கள் கேட்பீர்கள்: இது உனக்கு எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்பட்டது தற்செயலாக ஒருவர் காதில் விழுந்தாலும், அவரும் அந்த இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். மதலேனா என்னிடம் சொல்லியிருந்தால் அது பாவம். அவர் பாவம் செய்திருக்க மாட்டார். ஆகவே சொல்லவில்லை. ஆகவே இது என் கற்பனை. இந்த வரிசையில் எங்கேயாவது ஓட்டை இருந்தால், தயவுசெய்து அதை அடைக்காமல் கடந்துபோங்கள்.

6

பாவசங்கீர்த்தனம் முடிந்து அந்தோனியம்மாள் நேராக அலுவலகச் சன்னலுக்கு வந்தார். அம்மாவின் நினைவு நாளுக்குப் பூசை எழுத வேண்டும்.

"என்னக்கா, மெஷின் செத்துப்போச்சா? சத்தமே காணோம் லா."

"சாகல. ரிப்பேர் பண்ணியாச்சு."

அந்தோனியம்மாள் கணினியைப் பார்த்தார். பலகைச் சுவரைப் பார்த்தார்.

"அக்கா... இங்க உக்காந்தா அந்தப் பக்கம் பேசுறது கேக்குமா?"

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தேன். மதலேனா 'கேட்கும்' என்றால், அந்தப் பெண் இனி அந்த நாற்காலியின் முன் முழங்கால் போடமாட்டார். எந்த நாற்காலியின் முன்னும் போடமாட்டார். 'கேட்காது' என்றால், அது கோவிலுக்குள் சொன்ன பொய். பேசாமல் இருந்தால், நான்கு வருட அவமானத்தோடு இதையும் சேர்த்து அவரே சுமக்க வேண்டும்.

ஒரு பிரதியில் மதலேனா சிரித்துக்கொண்டே பூசையை எழுதி வாங்கிவிட்டு, அந்தோனியம்மாளின் தாயார் பெயரைப் பட்டியலில் வேண்டுமென்றே விட்டுவிட்டார். எழுதி முடித்ததும் எனக்கு நன்றாக இருந்தது. அதனால்தான் அதை நம்பவில்லை.

இன்னொரு பிரதியில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதை எழுதியபோது எனக்கு அவர்கள் முகமே தெரியவில்லை.

கடைசியில் நின்றது இதுதான்.

"உங்க அம்மா பேரு ரத்தினம்மாதான?" என்றார் மதலேனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எத்தனை மணிப் பூசைக்கு வேணும்? ஆறரையா, எட்டா?"

"ஆறரைக்கா."

பதினோராம் தேதி, ரத்தினம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. அதை அடிப்பதற்குள் மதலேனாவின் விரல் மூன்று முறை எழுத்துத் தவறியது. மூன்று முறையும் அழித்துச் சரியாக அடித்தார். அந்தோனியம்மாள் கேட்ட கேள்வி கேட்டபடியே சன்னலில் நின்றது. பிறகு அவரோடு அதுவும் போயிற்று.

7

திங்கட்கிழமை மதலேனா ஒலி முகம்மதை மறுபடி வரவழைத்தார்.

"பாய், பழைய மாதிரியே சத்தம் வேணும்."

"என்னக்கா விளையாடுறீங்க? எல்லாரும் குறைக்கச் சொல்லித்தான் வருவாங்க. என் வேலையில என்ன குறை?"

"குறையே இல்ல. ரொம்ப நல்லா செஞ்சிட்டீங்க. அதான்."

"அதான் என்ன?"

அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் லாசரஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்கைச் சிந்தி, தனக்குத்தானே ஏதோ பாட்டை முனகினார். ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. ஒலி முகம்மது சுவரைப் பார்த்தார். பிறகு ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் வைத்தார்.

"டிஸ்க்கை மறுபடி தகரத்துல முடுக்க மாட்டேன் அக்கா. அது என்ன பாவம் செஞ்சுச்சு? சத்தம்தான வேணும், இருங்க."

மாலையில் கடையிலிருந்து ஒரு பழைய மேசை விசிறியைத் தூக்கிவந்தார். முன்கூடு தளர்ந்து, ஓடினால் மோட்டார் படகு போல் இரையும். அதைப் பலகைச் சுவரருகே ஒரு முக்காலியில், ரப்பர் எதுவும் வைக்காமல் நிறுத்தினார்.

"இது யாருக்கும் வேணாம்னு கிடந்துச்சு. சனிக்கிழமை மட்டும் போடுங்க. காத்தும் வரும்."

"ஃபாதருக்கு மறுபடி காது கேக்காதே?"

"அவரு நாற்காலியைச் சுவர்லேர்ந்து தள்ளி அந்த மூலையில போடச் சொல்லுங்க. வலது காதைக் குடுத்து உக்காரச் சொல்லுங்க. இதை மொதல் நாளே சொல்லியிருப்பேன். என்கிட்ட கம்ப்யூட்டரைத்தான காட்டுனீங்க?"

(நாற்காலியைத் திருப்பிப் போடுவது ஐம்பத்தாறு வயதான எனக்கும் தோன்றவில்லை.)

8

இனி முடிவு.

முதல் முடிவு: பங்குப் பேரவை மதலேனாவிடம் மன்னிப்புக் கேட்டு வகுப்பைத் திருப்பித் தருகிறது. நடக்கவில்லை. வகுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இரண்டாவது முடிவு: அந்தோனியம்மாள் ஒரு நாள் தாமாகவே வந்து... இல்லை. முடியாது என்று அவரே சொல்லிவிட்டார்.

மூன்றாவதைப் பாதிதான் எழுத முடிந்தது.

அலுவலக வேலையில் சேர்ந்த பிறகு மதலேனாவால் வெள்ளிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போக முடிவதில்லை. ஞாயிறு பூசை முடிந்துதான் போவார். கொழுந்தனார் அற்புதராஜுக்கு நகவெட்டி என்றால் பயம். தாதிகளிடம் கையே கொடுக்கமாட்டார். ஒரு விரலுக்கு ஒரு பாட்டு என்று பாடி, அவர் கையை உதறும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி பாடி, மதலேனாதான் வெட்ட வேண்டும். ஒரு கைக்கு ஒரு மணி நேரம் ஆகும். மறு கை அடுத்த ஞாயிறு. பார்வை நேரம் அதிலேயே முடிந்துவிடும்.

விசிறி வந்து மூன்றாம் ஞாயிறு அவர் போனபோது, அற்புதராஜ் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்து விரல்களிலும் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. ஒரு கீறல் இல்லை.

"யாரோ வந்திருக்காங்க போல," என்றார் வாசலில் இருந்த ஊழியர் பரமசிவம். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. வந்தவங்க பேரு புத்தகத்துல இருக்கும். பாக்குறீங்களா?"

"வேணாங்க," என்றார் மதலேனா. வருகையாளர் புத்தகத்தில் தன் பெயரை மட்டும் எழுதினார். முந்தைய பக்கத்தைப் புரட்டவில்லை.

எழுதுகிறவன் என்ற உரிமையில் நான் புரட்டலாம். வெள்ளிக்கிழமை அந்த பெஞ்சில் யார் உட்கார்ந்தது, என்ன பாட்டு, அவர் எத்தனை முறை கையை உதறினார் என்று ஒரு முழுப் பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். நான் எழுதினால் நான் ஒரு சாட்சி. படித்தால் நீங்கள் ஒரு சாட்சி. உங்களுக்குப் புரட்டத் தோன்றினால் உங்களைத் தடுக்க என்னால் முடியாது. புத்தகம் வாசலில்தான் இருக்கிறது.

மதலேனா பெஞ்சில் உட்கார்ந்து அற்புதராஜின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் கையை உதறவில்லை. பார்வை நேரம் முடிய ஒன்றரை மணி நேரம் இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை.