கழுவின காசு

ஈப்போவில் ஒரு கடிகாரக் கடையின் மேல்மாடி அறையில் அன்று இருந்தவர்கள்: பழைய வெள்ளிக்காசு வாங்கி விற்கும் ஆம்புரோஸ், மூலையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த அவன் மனைவி எல்ஸி, புருஷனை விட்டு வந்துவிட்ட மங்களம், அவளுடைய அண்ணன் மாயாண்டி.

மாயாண்டி வரும் வழியிலேயே முடிவைச் சொல்லிவிட்டான். அம்மா விட்டுப்போன வெள்ளிக்காசு நல்ல விலைக்குப் போனால் தையல் மிஷின் வாங்கிக்கொண்டு அவள் அவன் வீட்டிலேயே இருக்கலாம். போகாவிட்டால் தெலுக் இந்தானுக்கு, புருஷனிடம். அவளுடைய துணிமூட்டையையும் தூக்கி வந்திருந்தான்.

ஆம்புரோஸ் காசை ஓரத்தில் பிடித்து எடுத்தான். இளவயது விக்டோரியா ராணி, 1845. துரை வீட்டில் பிள்ளை வளர்த்த அம்மாவுக்குத் துரையம்மா கொடுத்தது. அம்மா அதற்கு வளையம் வைத்துக் கழுத்தில் போடவில்லை. துணியில் சுற்றிக் கறுக்க விட்டிருந்தாள். விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்துகளைப் பார்த்துவிட்டு, ஆம்புரோஸ் தராசில் வைத்தான். பிறகு லென்ஸ்.

“அசல்தான். காதுக்கு மேல முடி இழை இழையா நிக்குது. அதிகம் கைபடாத காசு.”

மங்களம் மூச்சு விட்டாள். அவன் ஜன்னலோரம் போய்க் காசைச் சாய்த்துப் பார்த்தான். திரும்பி வந்தவன் ராணியின் முகத்தையே பெருவிரலால் தொட்டான்.

“தேச்சது யாரு?”

“நான்தான்,” என்றான் மாயாண்டி, நிமிர்ந்து. “புளியும் சாம்பலும் போட்டு. கரிக்கட்ட மாதிரி இருந்துச்சிலா. அப்படியே கொண்டாந்து நீட்டுறதா?”

“அந்தக் கறுப்பு இருந்தாத்தான் வெல. இப்ப முழுக்கக் கீறல். தெரிஞ்சவன் எவனும் மூணுல ஒரு பங்குக்கு மேல தர மாட்டான்.”

“ராணிக்கு மொகங்கழுவி விட்டிருக்காரு,” என்றாள் எல்ஸி, நெத்திலியிலிருந்து கண்ணெடுக்காமல்.

குழாயடியில் அவன் குந்தி உட்கார்ந்து தேய்த்ததை மங்களம் பார்த்திருந்தாள். வந்த நாள் முதல் அவளுக்காக அவன் செய்த ஒரே காரியம் என்று நினைத்து, அவளும் தண்ணீர் ஊற்றினாள்.

மாயாண்டி எழுந்தான். “சரி, வா. பஸ் போயிரும்.”

“மூட்டைய வச்சிட்டு முன்னால போண்ணே.”

வைத்துவிட்டுப் போனான். மரப்படிகளில் செருப்புச் சத்தம் இறங்கியது.

“அந்த ஒரு பங்கக் குடுங்கண்ணே,” என்றாள் ஆம்புரோஸிடம். “அக்கா, இங்க கிட்டத்துல ரூம்பு வாடகைக்குக் கெடைக்குமா?”

எல்ஸி முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“மங்களம்,” என்று கீழிருந்து குரல் வந்தது. செருப்புச் சத்தம் திரும்ப ஏறத் தொடங்கியது. மங்களம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பூட்டில் தொங்கிய சாவியையும் திருப்பினாள்.