கைப்பையில் இருந்த அச்சுப்படம்

கடைக்காரர் மடிக்கணினியைத் திறந்ததும் என் தங்கை "ஐயோ, என்ன கலர்க்கா!" என்று வாயைப் பிளந்தாள். திரையில் ஒரு கிளி. அந்தப் பச்சையில் எந்தக் கிளியும் பிறந்திருக்காது. நான் "ம்" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை அவள் கிளம்புகிறாள். ஒரு பயண இதழுக்காக ஆறு மாதம் ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுத்து, அன்றன்றைக்கே திருத்தி அனுப்ப வேண்டிய வேலை. அதே வேலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு ஒரு வரி பதில்கூட வரவில்லை. பதினோரு வருடமாக ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்து மாப்பிள்ளைகளின் பருவையும் பெண்களின் கருவளையத்தையும் அழித்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய் தெரியும். இவள் கேமராவைத் தூக்கி நாலு வருடம் ஆகவில்லை. வயிறு எரிந்தது. தங்கச்சிதானே என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் எரிந்தது.

"படம் திருத்துறதுல எங்கக்காதான் புலி. அவ கை காட்டுறதைத்தான் எடுப்பேன்" என்று கடைக்காரரிடம் பெருமையடித்தாள்.

ஸ்டுடியோவுக்குப் புதுக் கணினித் திரை வந்தால் ஒரே ஒரு படத்தை வைத்துத்தான் சோதிப்போம். என் முகம். எந்தத் திருத்தமும் செய்யாதது. படம் பென் டிரைவில் இருக்கும், அதன் அச்சு என் கைப்பையில். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் திரை பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். பென் டிரைவை நீட்டினேன். அச்சுப்படத்தை வெளியே எடுக்கவில்லை.

திரையில் என் கன்னமெல்லாம் ரத்தம் ஊறியதுபோலச் சிவந்திருந்தது. "பாருக்கா, எவ்ளோ அழகா இருக்கே!" என்றாள். பாவி, உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். இந்தத் திரையை நம்பி அவள் சிவப்பைக் குறைத்துக்கொண்டே போவாள். அச்சில் எல்லா முகமும் காய்ச்சலில் கிடந்தவர் முகம்போல வெளிறி வரும். இரண்டு தடவை அப்படி அனுப்பினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். திரும்பட்டுமே.

அதற்குப் பக்கத்தில் பளபளப்பில்லாத சாம்பல் நிறக் கணினி ஒன்று இருந்தது. எடை, திரை, பேட்டரி எல்லாம் பார்த்து இரண்டு வருடமாக என் போனில் குறித்து வைத்திருப்பது அதைத்தான். எனக்காக. என்றாவது கிளம்பினால் என்று.

"இதையே பில் போடச் சொல்லவாக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

கடைக்காரர் பெட்டியை எடுக்கத் திரும்பினார். திரையில் அந்தக் கன்னத்துச் சிவப்பு கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல மனசெல்லாம் இல்லை, சத்தியமாக. தப்பான நிறத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

"இருங்க" என்றேன். அச்சுப்படத்தை எடுத்துத் திரையை ஒட்டிப் பிடித்தேன்.

தங்கை இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னை. "முன்னாடியே ஏன்க்கா காட்டல?"

"மறந்துட்டேன்."

"அப்போ எது?" என்றாள் மெதுவாக. சாம்பல் நிறத்தைக் காட்டினேன்.

வெளியே வரும்போது புதுக் கணினிப் பை என் தோளில் இருந்தது. நினைத்ததைவிட லேசு. "குடுக்கா, நான் மாட்டிக்கிறேன்."

"பஸ் ஸ்டாப் வரைக்கும் இருக்கட்டும்டி."

கடையின் கண்ணாடிக் கதவில் எங்கள் இருவரின் உருவமும் தெரிந்தது. அதில் ஊருக்குக் கிளம்பி நிற்பவள் நான். வழியனுப்ப வந்தவள் அவள். ஸ்டாப்புக்குப் போனதும் பஸ் வந்து நின்றது. தங்கை கையை நீட்டினாள். நான் பையின் பட்டையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.