சமிக்ளவுசிடம் சொன்ன குறை

டிசம்பர் பிறந்தால் பீற்றருக்குத் தூக்கம் குறையும். வின்டர்தூர் நகரில் பழைய பேக்கரி ஒன்றில் அவன் மா குழைப்பவன். மற்ற மாதங்களில் இரண்டாம் சாமத்தில் எழுந்து போனால் போதும். சமிக்ளவுஸ் நாள் நெருங்கும்போது அதற்கும் முன்னால் போய் நிற்கவேண்டும். அந்த நாளில் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கென்று கையும் காலும் வைத்து, முந்திரிகை வற்றலால் கண் குத்தி, மாவில் மனிதர்களைச் செய்து தட்டுத் தட்டாகச் சுட்டு அடுக்குவார்கள். பீற்றரின் மாவு மனிதர்கள் மற்றவர்கள் செய்வதைவிடக் கொஞ்சம் தொந்தி வைத்தவர்கள். கடைக்கு வருகிற பிள்ளைகள் அதைத்தான் கைகாட்டிக் கேட்பார்கள் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

சமிக்ளவுஸ் நத்தார்த் தாத்தா அல்ல. நத்தாருக்கு முன்னமே, டிசம்பர் ஆறாம் திகதி, கழுதையோடு காட்டிலிருந்து வருகிறவர். கூடவே மண்ணிறப் போர்வையும் தோளில் சாக்குமாக ஷ்முட்ஸ்லி என்ற துணையாள் ஒருவன் வாய் திறக்காமல் வருவான். சமிக்ளவுஸ் ஒவ்வொரு பிள்ளையையும் முன்னால் கூப்பிட்டு, அது செய்த நல்லதைச் சொல்லிப் புகழ்வார். ஒரு குறையைச் சொல்லிக் கண்டிப்பார். பிள்ளை ஒரு பாட்டோ கவிதையோ சொன்னால் கச்சான் கடலையும் மண்டரின் தோடம்பழமும் நிறைந்த பை கிடைக்கும். அவருக்கு எல்லாம் எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் வியப்பார்கள். தாய் தகப்பன்மார்தான் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு பீற்றரின் மகள் றோஷினி இரண்டாம் வகுப்பு. அவளுடைய வகுப்புப் பெற்றோர் சேர்ந்து எஷென்பெர்க் காட்டில் சமிக்ளவுசை வரவழைக்க ஒழுங்கு செய்திருந்தார்கள். வேடம் போடுபவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் வால்ற்றர் என்ற ஓய்வு பெற்ற மனிதர். அதற்கு முந்திய வாரம் ஒரு பின்னேரம் அவர் பீற்றருக்குத் தொலைபேசி எடுத்தார். பீற்றர் அப்போதுதான் பகல் தூக்கத்திலிருந்து எழும்பியிருந்தான்.

"உங்கள் மகளைப் பற்றி நல்லது ஒன்று சொல்லுங்கள்" என்று ஜெர்மனில் கேட்டார்.

"தாய்க்கு உதவியாக இருப்பாள்."

"அருமை. இனி, குறை ஒன்று. பெரிதாக வேண்டாம். எல்லாரும் சேர்ந்து சிரிக்கக்கூடிய மாதிரி."

பீற்றர் யோசித்தான். யோசிக்க யோசிக்கத் தன் பிள்ளையைப் பற்றித் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் தெரிந்தது. அவள் பள்ளிக்கூடம் போகும்போது அவன் வேலையில் நிற்பான். அவள் நித்திரைக்குப் போகுமுன்பே அவன் படுத்துவிடுவான். கடைசியில் ஒன்று அகப்பட்டது. மறந்துவிட்ட தொப்பியை எடுக்க ஒரு சாமத்தில் திரும்பி வந்தபோது கண்டது.

"அவள் தன்னுடைய கட்டிலில் படுப்பதில்லை" என்றான். "நான் வேலைக்குப் போனவுடன் என்னுடைய இடத்தில் போய் தாயைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள்."

"எட்டு வயதிலேயா?" வால்ற்றர் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "இதைச் சொல்லலாமா? பிள்ளை கவலைப்படமாட்டாளா?"

"சொல்லுங்கள், சொல்லுங்கள். சின்ன விஷயம்."

உண்மையிலேயே அது அவனுக்குச் சின்ன விஷயம்தான். ஒரே பாயில் ஆறு பேராகப் படுத்து வளர்ந்தவனுக்கு, பிள்ளை தாயோடு படுப்பது ஒரு குறையா? குறையென்று சொல்ல வேறொன்றும் கிடைக்காததால் சொன்ன குறை அது.

ஆறாம் திகதி வெள்ளிக்கிழமை. பொழுது சாயும் நேரத்தில் காட்டில் நெருப்பு மூட்டி வட்டமாக நின்றார்கள். தாய் றெஜினாவுக்குப் பின்னேர வேலை. மூதாளர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் நின்றாள். பீற்றர்தான் மகளைக் கூட்டி வந்திருந்தான். றோஷினி ஒரு கவிதை பாடமாக்கியிருந்தாள். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அவளுடைய உதடு அசைந்துகொண்டேயிருந்தது.

கழுதையின் மணி கேட்டது. பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டார்கள். சமிக்ளவுஸ் வந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். யான் அழுக்குக் காலுறைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி ஒளித்து வைக்கிறானாம். லேயா மரக்கறியை மேசைக்குக் கீழாக நாய்க்குக் கொடுக்கிறாளாம். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் சிரித்தது. அகப்பட்ட பிள்ளையும் நெளிந்து சிரித்தது.

"றோஷினி."

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள்.

"நீ அம்மாவுக்கு நல்ல உதவியாம். காட்டில் எங்களுக்கும் அது கேட்டது. ஆனால் இன்னொன்றும் கேட்டது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெரிய பிள்ளை, இன்னும் தனியாகப் படுக்கப் பயந்து அம்மாவின் கட்டிலுக்குப் போகிறாயாமே?"

யாரோ ஒரு பையன் "பெபே!" என்று கத்தினான். கைக்குழந்தை என்று அர்த்தம். வட்டம் முழுவதும் சிரிப்பு வெடித்தது.

பீற்றரும் சிரித்தான். சும்மா அல்ல, வாய்விட்டு, பலமாகச் சிரித்தான். இந்த நாட்டுக்கு வந்த காலம் முழுக்க, இவர்களுடைய பகிடி விளங்கி அவன் சிரிக்கத் தொடங்கும்போது மற்றவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். இன்றைக்குத்தான் சிரிப்பு அவனுடைய வீட்டிலிருந்து புறப்பட்டிருந்தது. பக்கத்தில் நின்ற தகப்பன் ஒருவர் அவனுடைய முதுகில் தட்டினார். பீற்றருக்கு அது பிடித்திருந்தது.

றோஷினி திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். அழவில்லை. அவனுடைய திறந்த வாயைப் பார்த்தாள். பிறகு சமிக்ளவுஸ் பக்கம் திரும்பி நின்றாள். "கவிதை சொல்லுவாயா?" என்று அவர் குனிந்து கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவர் மெல்லத் தலையைத் தடவிப் பையைக் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் தகப்பனுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. முன்சீற்றில் தனியாக இருந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வேலை முடிந்து வந்த றெஜினா, மேசையில் அவிழ்க்காமல் கிடந்த பையைப் பார்த்தாள். "என்னப்பா, பிள்ளை கச்சானைக் கூடத் தொடேல்லை?"

பீற்றர் நடந்ததைச் சொன்னான். பகிடியாகத்தான் தொடங்கினான். றெஜினாவின் முகத்தைப் பார்த்தபின் மீதியை நேராகச் சொல்லி முடித்தான்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?" என்றாள்.

"அவர் ஒரு சின்னக் குறை கேட்டவர். அதுதான்..."

"அது அவளின்ர குறையோ?" றெஜினா கதிரையில் இருந்துவிட்டாள். மகளின் அறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு இந்த வீட்டிலை தனியப் படுக்கேலாமல் கிடக்கிறது எனக்கு. படியிலை ஆராவது நடந்தாலும் எழும்பிக் குந்திக்கொண்டிருப்பன். ஊரிலை என்ர தம்பியைச் சாமத்திலைதானே வந்து கொண்டு போனவங்கள். ஒரு நாள் நான் அப்பிடி இருக்கேக்கை பிள்ளை கண்டிட்டாள். அண்டையிலிருந்து தானா எழும்பி வந்து படுக்கிறவள். நான் கூப்பிடுறதில்லை. வேண்டாமெண்டு சொன்னதும் இல்லை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"வெக்கமாயிருந்தது. அப்பாட்டைச் சொல்லாதை எண்டு அவளிட்டையும் சொன்னனான்."

இரண்டாயிரத்து ஒன்பதில் ஊரில் மச்சான் காணாமல் போன செய்தி வந்தபோது றெஜினா ஒரு வாரம் அழுதாள், பிறகு வேலைக்குப் போனாள். அவள் தேறிவிட்டாள் என்று பீற்றர் நினைத்திருந்தான். அந்த நினைப்பு அவனுக்கு வசதியாக இருந்தது. இப்போது அவன் கண்முன்னால் வந்தது நெருப்பைச் சுற்றி நின்ற வட்டம். "எனக்குப் பயமில்லை, அம்மாவுக்குத்தான்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பிள்ளை தப்பியிருப்பாள். சொல்லவில்லை. தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நின்றாள். அவன் அவளுக்கு எதிரில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்த றோஷினி சாப்பிடாமல் படுத்தாள். பையன்கள் அவளைப் "பெபே" என்று கூப்பிடுகிறார்களாம். லேயாவின் தாய் சொல்லித்தான் தெரிய வந்தது.

பீற்றர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நேரே வால்ற்றரின் வீட்டுக்குப் போனான். கோபப்பட வேண்டும் என்றுதான் போனான். தன்மேல் இருந்த கோபத்தை இன்னொருவர்மேல் இறக்கி வைத்தால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தான்.

கதவைத் திறந்த வால்ற்றர் எல்லாவற்றையும் கேட்டார். அவருடைய முகம் சிவந்து போயிற்று. "எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நான் உங்களைக் கேட்டேனே" என்றார். "நீங்களும் சிரித்தீர்கள். தாடிக்குள்ளிருந்து பார்த்தேன். தகப்பனே சிரிக்கிறார், அப்படியானால் பரவாயில்லை என்று நினைத்தேன்" என்றார்.

அவர் குத்திச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். பீற்றருக்குக் காது சுட்டது.

"அது உண்மையும் இல்லை" என்றான் கடைசியில். "எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டேன்."

"அப்படியானால் உண்மை என்ன?"

மகளுடைய பெயரைக் கழுவ றெஜினாவின் பயத்தை எடுத்து இந்த வாசலில் வைக்கவேண்டும். தன்னுடையதல்லாததை ஒருமுறை எடுத்துக் கொடுத்துத்தான் இவ்வளவும். "அதை நான் சொல்ல முடியாது" என்றான் பீற்றர்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்து யன்னல் ஒன்றை அலங்கரித்து ஒளியேற்றும் நாள் வந்தது. நத்தார் வரைக்கும் நாளுக்கொரு கட்டடமாக இப்படி ஒளியேற்றி 'யன்னல் திறப்பது' அந்தப் பகுதியில் வழக்கம். முற்றத்தில் அதே பெற்றோர், அதே பிள்ளைகள், கைகளில் சூடான பழரசம். றோஷினி வரமாட்டேன் என்றாள். அப்பாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன் என்று சொல்லி, றெஜினா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தானும் வந்தாள்.

யன்னல் ஒளிர்ந்து பாட்டு முடிந்ததும் பீற்றர் முன்னால் போனான். மேடைப் பேச்சு அவனுக்குத் தெரியாது. தமிழ்த் தேவாலயத்தில் வாசகம் வாசிக்கச் சொன்னால்கூட நழுவிவிடுகிறவன்.

"நான் றோஷினியின் தகப்பன்" என்றான். "காட்டில் சமிக்ளவுஸ் என் மகளைப் பற்றிச் சொன்னது சரியில்லை. சொல்லச் சொன்னவன் நான். அவள் பயந்த பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் அவள்தான் தைரியசாலி. எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கோப்பைகளுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு முதுகில் தட்டிய தகப்பன், "அது வெறும் பகிடிதானே" என்று மெதுவாகச் சொன்னார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வால்ற்றர்தான் தொப்பியைக் கழற்றித் தலையசைத்தார். கொஞ்சம் பொறுத்து லேயா வந்து றோஷினியின் கையைப் பிடித்து யன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

கேலி அன்றோடு நின்றுவிடவில்லை. நத்தார் விடுமுறையோடுதான் தேய்ந்து போயிற்று. தை மாதத்திலிருந்து, சாமங்களில் வீட்டில் இருக்கும்படி, பீற்றர் பகல் வேலைக்கு மாறிக்கொண்டான். பாணும் மாவு மனிதர்களும் இனி இல்லை. கேக்குக்குக் கிறீம் பூசுவதும் தட்டுக் கழுவுவதும்தான். அதைப் பற்றி அவன் வீட்டில் முறையிடவில்லை.

யன்னல் திறந்த அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது றோஷினி தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் வந்தாள். பனி சப்பாத்துக்குக் கீழே நெரிபட்டது.

"பிள்ளை, அப்பா செய்தது பிழை" என்றான் பீற்றர்.

கொஞ்சத் தூரம் போனதும், றெஜினா தெருவிளக்கடியில் நின்று சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்த நேரம் பார்த்து, றோஷினி தகப்பனின் சட்டைக் கையை இழுத்தாள்.

"அப்பா, அம்மாவின்ர கதையை ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லையடா."

"வால்ற்றருக்கும்?"

"அவருக்கும் இல்லை."

"சரி" என்றாள். தாயின் பக்கம் ஓடிப்போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பீற்றர் அவர்களுக்குப் பின்னால் நடந்தான். பக்கத்தில் போய்ச் சேர்ந்து நடக்க அவனுக்கு இன்னும் கால் வரவில்லை.