சடங்குப் பொருள்

வீட்டில் தம்பி அவளுக்கு வைத்த பேர் தோண்டி. வருஷக்கணக்காக ஒரே அகழாய்வுக் குழிக்குள் குந்தியிருந்து மண்ணைச் சுரண்டியவளுக்கு வேறென்ன பேர் வைப்பான்? அந்தக் குழியில் கிடைத்ததெல்லாம் இப்போது அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தது. வாசல் பலகையில் முதல்முறையாக அவள் பேரும் இருந்தது.

வினை ஒரு சுடுமண் வில்லையில் வந்தது. உள்ளங்கை அகலம், மூன்று ஓட்டை, ஓரத்தில் தேய்மானம். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தொழிலில் அதற்கொரு பழக்கம் உண்டு. விளங்காததற்கெல்லாம் 'சடங்குப் பொருள்' என்று அட்டை எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார்கள்.

"சார், தெரியலன்னே எழுதிடலாமே?" என்றாள் இயக்குநரிடம்.

"தெரியலன்னா நம்மள எவன் மதிப்பான்? அட்டைல கை வச்சீங்க, பலகைல உங்க பேர் இருக்காது."

திறப்பு நாளில் கூட்டம் வில்லையைப் பார்த்தது, அட்டையைப் படித்தது, தலையாட்டிவிட்டு நகர்ந்தது. சீருடையோடு வந்த பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் நின்றார்.

"என்ன சடங்குங்க? கல்யாணமா, எழவா?"

இயக்குநர் பக்கத்திலேயே நின்றிருந்தார். இத்தனை உழைப்புக்கு அவளுக்கு மிஞ்சியது பலகையில் இருந்த அந்த ஒரு பேர்தான். ஆனால் கேட்டவரிடம் பொய் சொல்லவா அந்த வெயிலில் வெந்தாள்? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சடங்குதானான்னே தெரியாதுண்ணே. விளங்காததுக்கு நாங்க வைக்கிற பேரு அது."

நகர்ந்த கூட்டம் திரும்பி வந்தது. நூல் முறுக்கவா, வலையில் கட்டவா, பிள்ளைகள் விளையாடவா என்று ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை பிடித்தது. அவள் பெட்டியைத் திறந்தாள். பழைய அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, 'என்னவென்று தெரியவில்லை' என்று புதிதாக எழுதி வைத்தாள். இயக்குநர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

சொன்னதைச் செய்தார் மனிதர். மறுநாள் பலகையில் அவள் பேர் இருந்த இடத்தில் வெறும் தடம்தான் இருந்தது. வயிறு எரிந்தது, மறைப்பானேன். உள்ளே வில்லையைச் சுற்றி ஒரே இரைச்சல். டிரைவர் இன்று மனைவியையும் மச்சானையும் கூட்டி வந்திருந்தார்.

"பழைய அட்டை எங்க?" என்று வாசலிலேயே மறித்தார் இயக்குநர்.

"பத்திரமா இருக்கு சார்."

பையிலிருந்து எடுத்தாள். பசை தடவி, பலகையில் தன் பேர் இருந்த இடத்திலேயே ஒட்டினாள்: சடங்குப் பொருள்.

"என்னம்மா கூத்து இது?"

"உங்களுக்கு விளங்காததுக்கு வைக்கிற பேர்தானே சார்?" என்று சொல்லிவிட்டு, மச்சானுக்கு வில்லையின் தேய்ந்த பக்கத்தைக் காட்ட உள்ளே போனாள்.