குளோமின் பொழுது

எங்கள் தையல்கூடத்தில் ஊசியின் காது கண்ணுக்குத் தெரியாமல் போனால் வேலையை நிறுத்திவிடுவோம். மங்கல் வெளிச்சம் முழுக்க அடங்கி விளக்கேற்றும் வரை அரை மணி நேரம் எங்களுடையது. அந்த ஓய்வைத்தான் குளோமின் பொழுது என்போம். நவம்பரில் ஸ்காட்லாந்தில் மூன்றரைக்கே அது வந்துவிடும்.

பெரிய பிர்னி இறந்து மகன் ஆண்ட்ரூ முதலாளியானதும், "திங்கக்கிழமையிலேர்ந்து மூணு மணிக்கே விளக்கு. குளோமினும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்றார்.

அந்த அரை மணியில்தான் இரண்டு தெரு ஓடிப்போய் என் நான்கு மாதக் குழந்தை கிறிஸ்சிக்குப் பால் கொடுத்து வருவேன். பசும்பால் கொடுத்தால் கக்கிவிடுவாள். கெஞ்சிப் பார்த்தேன்.

"அப்போ வீட்டுலயே இருந்துக்க, எஃபி. யாரு வேணாம்னா?" என்றார் அந்தக் கல்நெஞ்சக்காரர்.

சனிக்கிழமை, மீன்பிடிக்கப் போன கணவனுக்குக் கடிதம் போடும்போது தபால் நிலையத்தில் அழுதுவிட்டேன். தபால்கார அம்மா மிஸ் லைல் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை மூன்று மணி. ஆண்ட்ரூ தீப்பெட்டியை எடுத்தபோது மிஸ் லைல் ஒரு அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். அகராதி போடுகிறவர்களுக்காக ஊர் வார்த்தைகளைச் சீட்டில் எழுதி வாங்கிச் சேர்த்து அனுப்புவது அவருக்குப் பல வருடப் பழக்கம்.

"குளோமின்னா என்ன, ஆண்ட்ரூ?"

"சூரியன் போனப்புறம் இருக்கிற வெளிச்சம். இது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். ரொம்பப் பழைய வார்த்தை, தணல் மாதிரி கனியறதைச் சொல்ற 'குளோ'ங்கற வார்த்தைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி முறை. இங்கிலாந்துக்காரங்க தொலைச்சுட்டாங்க, நாம வச்சிருக்கோம். ஆனா உங்கப்பா வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்காரே. படிங்க. எனக்குக் கண்ணு மங்கலு."

பொய். அவருக்குக் கழுகுக் கண்.

பெட்டியிலிருந்து அவர் நீட்டிய சீட்டை ஆண்ட்ரூ சன்னலோரம் கொண்டுபோய் வாசித்தார். "குளோமின்: விளக்குக்கு முன்னால் கைகள் ஓயும் நேரம். எங்கள் கூடத்தில் தைத்துக்கொண்டிருந்த என் மனைவி இந்த நேரத்தில்தான் மகன் ஆண்ட்ரூவுக்குப் பால் கொடுக்க ஓடுவாள்."

இரண்டாம் முறை தனக்குள்ளேயே வாசித்தார். தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஊசி தெரியுதா, எஃபி?" என்று என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"தெரியுது, ஐயா." பாழாய்ப்போன வாய், உண்மையைச் சொல்லிவிட்டது.

"தெரிஞ்சாலும் பரவால்ல, போ. பிள்ளை பசியில கத்தும்."

ஓடினேன். மிஸ் லைலுக்கு நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை.

மறுநாள் சொன்னேன். "பெரியவருக்குச் சொல்லு. நான் பெட்டியைத்தானே தூக்கிட்டு வந்தேன்" என்றார் அவர். பிறகு வெறும் சீட்டு ஒன்றை என் முன் தள்ளினார். "உன் வாக்கியம் ஒண்ணு எழுதிக் குடு. பேரும் போடு. நாளைக்கு யாராவது தீப்பெட்டி எடுத்தா உதவும்."

எழுதினேன்: "குளோமினில் என் மகள் வயிறு நிறையக் குடித்தாள்." கீழே என் பெயரோடு பெரிய பிர்னியின் பெயரையும் போட்டேன்.