இறைச்சி இல்லாத ரோல்ஸ்

மல்லாவிச் சந்தி தாண்டித் துணுக்காய்க்குப் போகிற ரோட்டோரம், ஒரு தேக்கமரத்தில் ஆணியடித்த பலகையில் 'இறைச்சி இல்லாத ரோல்ஸ்' என்று எழுதியிருந்தது. எழுதியவர் மத்தேயு. முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் வைத்திருந்தவர். தொண்ணூற்றாறில் ஷெல் விழுந்து வள்ளம் பிளந்தபோது, அதை விறகாக்க மனமில்லாமல் பலகைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கரையை விட்டு உட்பகுதிக்கு வந்தார். ஒரு பலகை கடைக்குப் பெயரானது. மற்றவை கடைக்கு முன்னால் குந்துகிற வாங்குகளாயின.

இறைச்சி இல்லை என்பதை அவர் பெருமைக்காக எழுதவில்லை. உண்மையிலேயே இல்லை, அவ்வளவுதான். பால்மாவும் இல்லை. முட்டை கிடைத்தால் நோயாளி இருக்கிற வீட்டுக்குப் போய்விடும். நெய்யைச் சனம் மறந்திருந்தது. சாமான்களுக்குத் தடை வந்த பிறகு வன்னியில் பாதிப்பேர் சாமியார்களைப் போலத்தான் சாப்பிட்டார்கள், சாமியார்களுக்குரிய மரியாதை மட்டும் கிடைக்கவில்லை. மத்தேயு கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய ரொட்டியாகச் சுடுவார். அவித்த மரவள்ளியையும் சோயாமீற்றையும் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி அதற்குள் வைத்துச் சுருட்டுவார். காய்ந்த பாண் துண்டுகளை இடித்த தூளில் உருட்டித் தேங்காயெண்ணெயில் பொரிப்பார். தேக்கமிலையில் சுற்றி வாங்கினால் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தின்னலாம். அந்த வருசம் எல்லாரும் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆகவே நன்றாக விற்றது.

ஏரம்பு மட்டும் வாங்கில் இருந்து ஆறுதலாகச் சாப்பிடுவார்.

ஏரம்பு அக்கராயனில் வயல் செய்தவர். சண்டை வயல்வரை வந்ததால் இப்போது மனைவி விமலேஸ்வரியோடு துணுக்காயில், தெரிந்த ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு, மரவள்ளி நட்டுப் பிழைத்தார். அதிகம் பேசமாட்டார். கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்வதற்குள் கேட்டவர் போய்விட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரு காலத்தில் அவர் ஆட்டிறைச்சிக்காக இரணைமடுவரை சைக்கிள் மிதித்தவர் என்பதை அவரே மற்றவர்களுக்குச் சொன்னதில்லை.

போன மார்கழியில் விமலேஸ்வரிக்கு மலேரியா மூளைக்கு ஏறியது. ஆசுப்பத்திரி விறாந்தையில் பாயில் கிடந்து, தன் புருசனைப் பார்த்து யார் பெற்ற பிள்ளையோ என்று இரங்கினாள். மலேரியாக் குளிசை வரும் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. அப்போது ஏரம்பு, அக்கராயன் குளக்கட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளையாரை நினைத்து, இவள் எழும்பினால் சீவன் உள்ளவரை மச்சம் தொடமாட்டேன் என்று நேர்ந்தார். மீன், முட்டை, இறைச்சி எல்லாம் அதில் அடக்கம். குளிசையும் வந்தது. விமலேஸ்வரி எழும்பி முதலில் கேட்டது மீன்சொதி.

அன்றிலிருந்து ஒரு குசினியில் இரண்டு சட்டிகள் இருந்தன. அவள் குளத்து மீனைச் சாப்பிடும்போது அவர் முன்னால் இருந்து பருப்பைச் சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே அவளைப் பார்ப்பார். நன்றாகச் சாப்பிடுகிறாளா, நெற்றி வியர்க்கிறதா என்று பார்ப்பார். அவள் உயிர் தன்னுடைய நாக்கில் தொங்குகிறது என்று அவர் முழுதாக நம்பினார். அது பயமாகவும் இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்த நிலையில் மத்தேயுவின் ரோல்ஸைக் கடித்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைக்கு வழக்கமாக வருகிற இன்னொருவர் மாட்டூசி நடராசா. அரசாங்க வேலையில் இருபது வருசத்துக்கு மேல் மாடுகளுக்கு ஊசி போட்டவர். ஒருநாள் ஒரு பட்டியில், கன்று கத்தக் கத்த அதை எட்டக் கட்டிவிட்டுப் பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அதோடு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டார். மச்சத்தை அதற்கு முன்பே விட்டிருந்தார். தடை வந்தபோது எதுவும் குறையாமல் வாழ்ந்தவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

"நீ தின்னுறது இறைச்சிதான், ஏரம்பு," என்றார் அவர் ஒருநாள்.

"இது சோயா, அண்ணை."

"வாய்க்குச் சோயா. மனசுக்கு ஆடு. நானும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன், கண்ணை மூடிக்கொண்டு சப்பிறாய். மரவள்ளிக்கு ஆர் கண்ணை மூடினவன்?"

மத்தேயு எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலை நிமிர்த்தாமல், "நீங்களும் மூண்டாவது தின்னுறியள், அண்ணை," என்றார்.

"நான் கண்ணைத் திறந்துகொண்டெல்லோ தின்னுறன்."

ஏரம்பு மிச்சத்தையும் தின்றுவிட்டு எழும்பிப் போனார். ஆனால் அந்தக் கதை அவரோடு மரவள்ளித் தோட்டத்துக்கு வந்தது. வரம்பில் குந்தியிருந்து யோசித்தார். பிள்ளையாருக்கு நான் எதை விட்டேன்? இறைச்சியையா, அதன் ருசியையா? ருசி கையில் இருக்கும்போது இறைச்சியை விட்டது ஒரு விடுதலா? ஆட்டுக்கு அதனால் லாபம்தான். பிள்ளையாருக்கு என்ன லாபம்? இப்படி யோசித்துக்கொண்டிருந்ததில் மத்தியானமாகிவிட்டது. விமலேஸ்வரி வந்து, "என்னப்பா, மரவள்ளியோடை கோவமோ?" என்று கேட்டுவிட்டு அவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கினாள்.

கடைக்கு மரவள்ளி கொடுப்பதும் ஏரம்புதான். ஒரு காலை, கிழங்குச் சாக்கைக் கடையின் பின்பக்கமாகக் கொண்டுபோனார். மத்தேயுவின் மனைவி இராசாத்தி உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை இடிக்கிறாய்?"

"இறால் கருவாடு, அண்ணை. என்ர அண்ணா கரையிலயிருந்து குடுத்துவிட்டவர்."

"சம்பலுக்கோ?"

"சம்பலுக்கும்தான்," என்றாள் இராசாத்தி. இடித்த தூளை ஒரு கை அள்ளி, அடுப்பில் பிரண்டுகொண்டிருந்த சோயாச் சட்டிக்குள் போட்டாள்.

வாசம் எழும்பியது. ஏரம்புவுக்கு அந்த வாசம் தெரியும். இத்தனை மாதமாக அவர் கண்ணை மூடியது அதற்குத்தான். சாக்கை இறக்காமலே நின்றார். இராசாத்தி, பாரமாக இருக்கும், இறக்குங்கோ என்று சொன்ன பிறகுதான் இறக்கினார்.

முன்பக்கம் போனார். மத்தேயு வாங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மத்தேயு, உதுக்குள்ள இறால் போடுறியளோ?"

"இறால் இல்லை, அண்ணை. இறால் தூள்."

"எப்பவிருந்து?"

"துடக்கத்திலயிருந்து. இல்லாட்டி உந்தச் சோயாவை ஆர் தின்னுறது?"

ஏரம்பு திரும்பிப் பலகையைப் பார்த்தார். மத்தேயுவும் பார்த்தார்.

"இறைச்சி இல்லை எண்டுதானே எழுதியிருக்கிறன்," என்றார் மத்தேயு. "இறைச்சி இல்லை. தபசு காலத்து வெள்ளிக்கிழமையளில நாங்கள் இறைச்சி தொடமாட்டம். மீன் தின்னுவம். மீன் இறைச்சிக் கணக்கில்லை, கோயில் சட்டமே அப்பிடித்தான். பாதரும் வெள்ளிக்கிழமையளில இதைத்தான் வாங்கிக்கொண்டு போறவர்."

"நான் மச்சம் விட்டனான். மீனும் சேத்து."

"அது தெரியும், அண்ணை. உங்களுக்கு மீன் தருவனோ? ஆனால் தூளை மச்சம் எண்டு ஆர் நினைக்கிறது? எங்கட கரையில அது உப்புப் புளி மாதிரி. மிளகு, சீரகப் போத்திலோட பக்கத்தில கிடக்கும், சட்டிக்குள்ள தன்பாட்டில விழும்."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் கோபிக்கலாம். ஏரம்பு வாங்கில் இருந்தார். ரோட்டில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் புகைவிட்டுக்கொண்டு போனது. மத்தேயு துணியால் புகையை விசிறினார்.

"அக்காவுக்கு இப்ப எப்பிடி?" என்றார் மத்தேயு.

"நல்லாயிருக்கிறா."

"காய்ச்சல் ஒண்டும்?"

"இல்லை."

"அப்ப..." என்று தொடங்கி மத்தேயு நிறுத்திக்கொண்டார். பிறகு, "மாட்டூசி அண்ணைக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

"அவர் கண்ணைத் திறந்துகொண்டு தின்னுறவர்," என்றார் ஏரம்பு. "பாத்திருப்பார்."

வீடுவரை அந்த 'அப்ப' அவரோடு நடந்து வந்தது. நேர்த்தி முறிந்து மாதக்கணக்காகிவிட்டது. முறிந்தது அவருக்கே தெரியாது. பிள்ளையாருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் விட்டிருந்தால், இறால் தூள் விசயத்தில் அவர் மத்தேயுவின் கட்சி. தெரியாமல் இருந்தால், இன்றைக்கு ஏரம்பு தெரிந்துகொண்டதால் அவருக்கும் தெரிந்துவிடும். ஒன்றுமே இல்லையென்றால், தான் விட்டதற்கும் அவள் எழும்பியதற்கும் ஒரு தொடுப்பும் இல்லை. இந்த மூன்றில் எது மோசம் என்று ஏரம்புவால் முடிவெடுக்க முடியவில்லை.

அவர் படலையைத் திறக்கும்போது உள்ளே விமலேஸ்வரி இருமினாள்.

ஏரம்பு படலையடியில் அப்படியே நின்றார்.

"பச்சை விறகு," என்றாள் அவள், அடுப்பை ஊதிக்கொண்டு. "ஏன் அதில நிக்கிறியள்? வாங்கோ."

உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அவள் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. அவள் அரிசி புடைக்கத் தொடங்கினாள். புடைத்து முடிந்து, கல் பொறுக்கி, அரிசியை உலையில் போட்டுவிட்டு வந்த பிறகும் அவர் அப்படியே இருந்தார். விமலேஸ்வரிக்கு அது பழக்கம். பக்கத்தில் நிலத்தில் குந்தி வெற்றிலையை மடித்தாள்.

"மத்தேயுவின்ர ரோல்ஸுக்குள்ள இறால் தூள்," என்றார் ஏரம்பு.

"ஓம்," என்றாள் விமலேஸ்வரி.

அவர் அவளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமோ?"

"முதல் நாளே தெரியும். உங்கட சேட்டில மணத்தது. மீன் தின்னுறவளுக்கு இறால் மணம் தெரியாதே?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

விமலேஸ்வரி வெற்றிலையை வாயில் வைத்து, சுண்ணாம்பைத் தேடி எடுத்து, விரல் நுனியால் நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"சாகிறனோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

வெளியே கோழியொன்று குப்பையைக் கிளறியது. உலை கொதிக்கத் தொடங்கியது.

"சாகேல்லை," என்றாள்.

"விளையாடாதை, விமலா. உன்ர உயிருக்கெண்டு நேந்தது."

"நான் கேட்டனானோ? எனக்கு நினைவே இல்லை அப்ப. எழும்பிப் பாத்தா என்ர உயிரை நீங்கள் வாங்கி வச்சிருக்கிறியள். பிறகு ஒவ்வொரு நாளும் நான் சோறு தின்னேக்க முன்னால இருந்து பாக்கிறது. சந்தையில வாங்கின மாட்டைப் பாக்கிற மாதிரி. தின்னுதோ, அசைபோடுதோ எண்டு. ஒரு மீன்துண்டு தொண்டையால இறங்குமே?"

ஏரம்பு தன் கைகளைப் பார்த்தார். அவர் அவளை அப்படித்தான் பார்த்தார். மாடு வாங்கிய காலத்திலும் அப்படித்தான் பார்த்தார்.

"முதல் கிழமை எனக்கும் பயமாத்தான் கிடந்தது," என்றாள் அவள், கொஞ்சம் தணிந்து. "ராவில நானே என்ர நெத்தியைத் தொட்டுப் பாத்தனான். பிறகு ஒரு மாசம் போச்சு. நீங்கள் தின்னத் தின்ன நான் உடம்பு வைக்கிறன். அப்பதான் எனக்கு நிம்மதி வந்தது. இது என்ர உயிர்தான் எண்டு."

அவள் எழும்பிக் கஞ்சியை வடித்துவிட்டு வந்தாள்.

"அப்ப நேர்த்தி?"

"பிள்ளையாரைக் கேளுங்கோ."

"அவர் அங்கால நிக்கிறார். ஆமிக்காரன் விடான்."

"அப்ப உங்களையே கேளுங்கோ. நீங்கள் இஞ்சாலதானே நிக்கிறியள்."

அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டு சட்டிகளும் வந்தன. மீன்சட்டியை அவள் அவருக்கும் எட்டக்கூடியதாக வைத்தாள். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. ஏரம்பு அதன் வாசத்தை அறிந்தார். வாய் ஊறியது. இப்போது எடுத்தால் ஒன்றும் நடக்காது. அவள் சாகமாட்டாள். தடுப்பதற்கு எந்தப் பயமும் மிஞ்சியிருக்கவில்லை. எடுக்காமல் விடுவதென்றால் முதல் தடவையாக அவரேதான் விடவேண்டும். அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பருப்பைப் போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடியும்வரை பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே விமலேஸ்வரி இன்னொரு துண்டு மீன் எடுத்தாள். முள்ளையும் உறிஞ்சினாள். சத்தம் கேட்டது.

அடுத்த கிழமை மத்தேயுவின் பலகையில் கீழே இரண்டு வரிகள் கூடியிருந்தன: 'இறால் தூள் போட்டது. இறால் தூள் போடாதது.' மாட்டூசி நடராசா சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு இறங்கி வந்து போடாததில் ஒன்று வாங்கி, ஒரு கடி கடித்து, நெடுநேரம் மென்றார்.

"மத்தேயு, இவ்வளவு நாளும் நான் திண்டது எது?"

மத்தேயு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். ஏரம்பு ரோட்டைப் பார்த்தார். நடராசா தன் ரோல்ஸை முடித்தார். அன்றைக்கு இரண்டாவது வாங்கவில்லை.

"உங்களுக்கு எது, அண்ணை?" என்றார் மத்தேயு, ஏரம்புவிடம்.

"அதில ஒண்டு. இதில ஒண்டு."

இரண்டையும் வேறு வேறு தேக்கமிலையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். விமலேஸ்வரி மரவள்ளிப் பாத்தியில் நின்றாள். தூள் போட்டதை அவளிடம் கொடுத்தார். இரண்டு பேரும் வரம்பில் இருந்து சாப்பிட்டார்கள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள்தான் அவரைப் பார்த்தாள்.

"எப்பிடிக் கிடக்கு?"

ஏரம்பு யோசித்தார்.

"மரவள்ளி மாதிரிக் கிடக்கு."

"மரவள்ளிதானே," என்றாள் விமலேஸ்வரி, தன்னுடையதை மென்றுகொண்டு.

"ஓம்," என்றார் ஏரம்பு. மிச்சத்தையும் சாப்பிட்டார்.